அறையில் ஆள் இருக்கிறாரா?

(ஒரகடம் பகுதி உழவர் பயிற்சிக் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

நெல்லுக்கு மேலுரம் இடுவது பற்றியும், நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவது பற்றியும் பேச வேண்டிய நான், இன்று மின்விசிறி பற்றியும் விளக்கு பற்றியும் பேச வந்திருக்கிறேன். இதில் வியப்படைய ஒன்றுமில்லை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் கண்ட ஏரிப்பாசன நிலம் இது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்பேட்டைகள் வரிசையாக எழுந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களுக்குத் தங்க இடம் வேண்டியிருந்தது. களத்து மேட்டிலும் வீட்டுக் கொல்லையிலும் நான்கு அறை, எட்டு அறை என்று கட்டி வாடகைக்கு விட்ட உழவர் குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். வாடகை அறை இன்று இங்கு நான்காவது பட்டமாகிவிட்டது. பயிர் வருமானத்தைப் போலவே இந்த வருமானத்திற்கும் செலவுக் கணக்கு உண்டு. அந்தச் செலவில் பெரும் பங்கு மின்கட்டணம்.

"வாடகைக்கு இருப்பவர்கள் விசிறியை ஓடவிட்டே வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆள் இருந்தால் ஓடி, ஆள் இல்லாவிட்டால் தானே நின்றுவிடும் கருவி வந்திருக்கிறதாமே, அதை வாங்கி மாட்டலாமா?" என்ற கேள்வியை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அதற்கு விடை சொல்வதே இவ்வுரையின் நோக்கம். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடைபாதைக்கும் கழிப்பறைக்கும் வாங்கலாம். ஆள் தூங்கும் அறையின் விசிறிக்கு வேண்டாம். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

கருவி ஆளைப் பார்ப்பதில்லை

முதலில் ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். சென்சார் எனப்படும் உணர்கருவி எதுவும் ஆளை நேராக அறிவதில்லை. ஆள் இருப்பதற்கான ஓர் அடையாளத்தை மட்டுமே அறிகிறது. அடையாளம் வேறு, பொருள் வேறு.

இது உங்களுக்குப் புதிதல்ல. நெல் வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, அதனுள் நீர்மட்டத்தைப் பார்த்துப் பாசனம் செய்யும் முறையை அறிவீர்கள். மண் பரப்புக்குக் கீழே 15 செ.மீ. வரை நீர் இறங்கிய பின் மீண்டும் பாய்ச்சினால் போதும் என்பது அதன் விதி. அந்தக் குழாய் பயிரின் தாகத்தைக் காட்டுவதில்லை, நீர்மட்டத்தைத்தான் காட்டுகிறது. ஆகவேதான் பூக்கும் தருணத்தில் மட்டும் குழாய் என்ன சொன்னாலும் வயலைக் காயவிடக் கூடாது என்று கூறுகிறோம். அந்த நாட்களில் கருவியின் பேச்சைக் கேட்டால் பதர் கூடும், விளைச்சல் குறையும்.

இலை வண்ண அட்டையும் அப்படியே. வெள்ளைப் பொன்னிக்கு எண் 3 என்றும், மற்ற இரகங்களுக்கு எண் 4 என்றும் பிரித்துச் சொல்கிறோம். பச்சை நிறம் தழைச்சத்தின் அடையாளமேயன்றித் தழைச்சத்தே அன்று. இரகம் மாறினால் அடையாளத்தின் பொருளும் மாறும்.

அறைக்கும் இதே நியாயம்தான். ஆள் இருப்பதன் அடையாளங்கள் அசைவு, உடல் வெப்பம், மூச்சுக்காற்று, கதவு திறப்பது, விளக்கு எரிவது ஆகியவை. ஒவ்வொரு கருவியும் இவற்றில் ஒன்றையோ இரண்டையோ பிடித்துக்கொண்டு முடிவு சொல்கிறது. எந்த அடையாளம் எப்போது பொய்க்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குபவர் ஏமாற மாட்டார்.

அகச்சிவப்பு அசைவுணர்வி

கடைகளில் மிகுதியாகக் கிடைப்பதும் விலை குறைந்ததும் இதுவே. பால்போன்ற வெள்ளை நிறத்தில், அரை உருண்டை வடிவில் ஒரு மூடி இருக்கும். நம் உடல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை எப்போதும் வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது. மூடியிலுள்ள வில்லைகள் அக்கதிர்களை உள்ளேயுள்ள ஒரு சிறு படிகத்தின் மேல் குவிக்கின்றன. அந்தப் படிகம், தன்மேல் விழும் வெப்பம் மாறும்போது மட்டுமே மின்னோட்டம் தரும். மாறாமல் இருந்தால் தராது. மேலும், படிகம் இரண்டு பாதிகளாக எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கும். இரு பாதிகளிலும் ஒரே அளவு வெப்பம் விழுந்தால் ஒன்றை ஒன்று கழித்துவிடும். ஒருவர் குறுக்கே நடந்தால் ஒரு பாதி முன்னும் மறுபாதி பின்னும் வெப்பம் பெறும். அந்த வேறுபாட்டைத்தான் கருவி 'ஆள்' என்று கொள்கிறது.

இதிலிருந்து மூன்று உண்மைகள் விளங்கும். ஒன்று, நடப்பவரை இது நன்கு அறியும். அசையாமல் படுத்திருப்பவரை அறியாது. இரண்டு, குறுக்கே நடப்பவரை அறியும் அளவுக்கு நேராக எதிரே வருபவரை அறியாது. மூன்று, உடலுக்கும் சுவருக்கும் வெப்ப வேறுபாடு இருக்க வேண்டும். நம் தோலின் வெப்பம் சுமார் 33, 34 டிகிரி. சித்திரை, வைகாசியில் தகரமோ சிமெண்டு ஓடோ வேய்ந்த அறையின் சுவரே பிற்பகலில் அந்த வெப்பத்தை எட்டிவிடும். அப்போது ஆளும் சுவரும் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றும். 7 மீட்டர் தூரம் வரை உணரும் என்று எழுதியிருக்கும் கருவி அந்நேரத்தில் அதில் பாதியைக்கூட உணராமல் போகலாம்.

எந்த நேரத்தில் விசிறி மிகவும் தேவையோ அந்த நேரத்தில்தான் இக்கருவியின் பார்வை மங்குகிறது. இதை மறந்துவிடக் கூடாது.

நுண்ணலை, ரேடார் கருவிகள்

இரண்டாவது வகை, தானே அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கொண்டு அசைவை அறியும். நுண்ணலைக் கருவி வெப்பத்தைப் பார்ப்பதில்லை. எனவே கோடையில் தடுமாறாது. ஆனால் அதன் அலை மெல்லிய சுவரையும் பலகைத் தடுப்பையும் ஊடுருவும். அடுத்த அறையில் நடப்பவரை இந்த அறையில் இருப்பவராக எண்ணிக்கொள்ளும். சுழலும் மின்விசிறியையே ஆள் என்று கொள்வதும் உண்டு. விசிறியை நிறுத்த வைத்த கருவி, விசிறி சுற்றுவதைப் பார்த்து "ஆள் இருக்கிறார், ஓடட்டும்" என்று சொன்னால் என்ன பயன்?

அண்மைக் காலத்தில் மில்லிமீட்டர் அலை ரேடார் என்ற கருவி வந்துள்ளது. 24 அல்லது 60 கிகாஹெர்ட்ஸ் அலைகளில் வேலை செய்கிறது. மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு சில மில்லிமீட்டர் எழுந்து தாழ்வதைக்கூட இது உணரும். தூங்குபவரை அறியக்கூடியது இந்த வகைதான். எனினும் கட்டிலின் மேல் சுழலும் விசிறி, காற்றில் ஆடும் கொசுவலை, கொடியில் தொங்கும் துணி ஆகியவை இதையும் குழப்பும். ஒவ்வோர் அறைக்கும் பொறுமையாக அளவு திருத்தி அமைக்கத் தெரிந்தவர் வேண்டும். நான்கைந்து அறை வைத்திருப்பவருக்கு இது இன்னும் ஏற்ற கருவியாகவில்லை.

மூச்சுக்காற்றை அளக்கும் கருவி

வெளிக்காற்றில் பத்து இலட்சம் பங்கில் 420 பங்குக்குச் சற்று மேல் கரியமில வாயு உள்ளது. நாம் வெளிவிடும் மூச்சிலோ நூற்றுக்கு 4 பங்கு உள்ளது. ஓய்வாக இருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 15 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார் என்று கொள்ளலாம். 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரமுள்ள அறையில் 1,200 கன அடி, அதாவது ஏறத்தாழ 34,000 லிட்டர் காற்று இருக்கும். நான்கு பேர் படுத்திருந்தால் மணிக்கு 60 லிட்டர். காற்றே புகாத அறை என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் பத்து இலட்சத்துக்குச் சுமார் 1,750 பங்கு கூடும். அசையாமல் தூங்கினாலும் மூச்சு நிற்பதில்லை அல்லவா? ஆகவே இந்த அடையாளம் உறக்கத்தில் பொய்ப்பதில்லை.

ஆனால் வேறு வகையில் பொய்க்கும். சன்னலைத் திறந்துவிட்டால் வாயு தங்காது. ஆள் வந்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்தே கருவிக்குத் தெரியும். ஆள் போன பின்னும் நெடுநேரம் ஆள் இருப்பதாகவே காட்டும். மூடிய, குளிர்பதனம் செய்த பெரிய கட்டடங்களுக்கு இது பொருந்தும். அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கேற்ப வெளிக்காற்றைக் கூட்டவும் குறைக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். சன்னல் திறந்த நம் அறைகளுக்கு இது உதவாது.

அலுவலக அறையும் ஷிப்டு அறையும்

2016-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டனர். ஓர் அலுவலக அறையில் வெப்பநிலை, ஈரப்பதம், வெளிச்சம், கரியமில வாயு ஆகிய நான்கையும் தொடர்ந்து அளந்து, அவற்றிலிருந்து ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கணிப்பொறியைக் கொண்டு கணித்தார்கள். சிறந்த முறைகள் நூற்றுக்கு 95 முதல் 99 முறை வரை சரியாகச் சொல்லின. உலகெங்கும் இத்துறையில் பயில்வோர் அந்த அளவீடுகளை இன்றும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

நல்ல ஆய்வுதான். ஆனால் அந்த அறையில் மிக நன்றாகத் துப்புக் கொடுத்த அடையாளம் எது? வெளிச்சம். அலுவலகத்தில் விளக்கு எரிந்தால் ஆள் இருக்கிறார், அணைந்தால் வீட்டுக்குப் போய்விட்டார். இந்த விதியை அப்படியே கொண்டுவந்து நம் வாடகை அறையில் வைத்துப் பாருங்கள். இரவு ஷிப்டு முடித்து காலையில் வருபவர் என்ன செய்கிறார்? சன்னலை மூடி, திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறார். அறை இருட்டாக இருக்கிறது, அசைவில்லை, கதவு திறக்கவில்லை. அலுவலக விதிப்படி அங்கே ஆளே இல்லை! ஆனால் கட்டிலில் ஒரு மனிதர் உழைத்துக் களைத்து உறங்கிக்கொண்டிருக்கிறார்.

ஓரிடத்தில் ஆய்ந்து கண்ட இரகத்தை மண் பார்க்காமல் வேறிடத்தில் பயிரிடக் கூடாது என்று உங்களுக்கு நாங்கள் சொல்வதில்லையா? அதே எச்சரிக்கை கருவிக்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் கருதுங்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கான பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது. சிப்காட் நிறுவனம் கட்டிய அதில் 13 கட்டடங்கள். கட்டடத்துக்கு 240 அறைகள், அறைக்கு ஆறு பேர். மொத்தம் 18,720 பேர் தங்கலாம். ஆறு பேர் உள்ள அறையில் வெளியே போகிறவர் கடைசி ஆள் என்று எப்படிச் சொல்வது? ஒருவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்புவார், மற்றொருவர் அப்போதுதான் வந்து படுத்திருப்பார். தங்கும் விடுதிகளில் உள்ளது போல அட்டையைச் செருகினால் மின்சாரம், எடுத்தால் துண்டிப்பு என்ற ஏற்பாடும், வாசலில் ஒரே சுவிட்சில் எல்லாவற்றையும் அணைக்கும் ஏற்பாடும் ஒருவரோ ஒரு குடும்பமோ தங்கும் அறைக்குச் சரி. பலர் பகிர்ந்துகொள்ளும் அறைக்குச் சரிவராது. கதவருகே ஆட்களை எண்ணும் கருவியும் இருவர் சேர்ந்தாற்போல் நுழைந்தால் ஒருவர் என்றே எண்ணக்கூடும்.

இரண்டு வகைத் தவறுகள்

எந்தக் கருவியும் இரண்டு வகையில் தவறும். ஆள் இல்லாதபோது இருக்கிறார் என்று சொல்வது ஒரு வகை. ஆள் இருக்கும்போது இல்லை என்று சொல்வது மற்றொரு வகை. இவ்விரண்டும் ஒரே எடையுள்ளவை அல்ல.

முதல் தவற்றால் 75 வாட் விசிறி ஒரு மணி நேரம் வீணாக ஓடினால் இழப்பு ஒரு யூனிட்டில் நூற்றுக்கு ஏழரைப் பங்கு. அவ்வளவே. இரண்டாவது தவற்றால் பகல் பன்னிரண்டு மணி வெயிலில், உறங்கும் தொழிலாளியின் தலைக்கு மேல் விசிறி நின்றுபோகும். அவர் வியர்த்து விழிப்பார், கையை ஆட்டுவார், விசிறி ஓடும். மீண்டும் உறங்குவார், மீண்டும் நிற்கும். இப்படி உறக்கம் கெட்டவர் அன்றிரவு எங்கே போய் நிற்கப் போகிறார்? தகடு வெட்டும் பிரஸ் மெஷின் முன்னால். அங்கே ஒரு கணம் கண் அயர்ந்தால் போவது விரல். நாம் சேமிக்கும் சில யூனிட்டுக்கு அந்த விரல் ஈடாகுமா? உறக்கம்தான் தொழிலாளிக்குப் பூக்கும் பருவம். அந்நேரத்தில் கருவியின் பேச்சைக் கேட்டுக் காயவிடக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

"அப்படியானால் மின்கட்டணத்தைக் குறைக்க வழியே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஓர் அறையில் விசிறி நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடுகிறது, அதில் 6 மணி நேரம் ஆளில்லாமல் வீணாக ஓடுகிறது என்று கொள்வோம். சாதாரண விசிறி 75 வாட். பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை மோட்டார் கொண்ட விசிறி சுமார் 30 வாட். சென்சார் கருவி தனக்கென 1 வாட் இரவும் பகலும் எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்ளலாம். சென்சார் ஒருமுறைகூடத் தவறாது என்றும் அதற்குச் சாதகமாகவே கணக்கிடுவோம். ஓர் அறைக்கு, 30 நாளைக்கு ஆகும் செலவு வருமாறு:

1. சாதாரண விசிறி, சென்சார் இல்லை: 36 யூனிட்
2. சாதாரண விசிறி, தவறே செய்யாத சென்சார்: 23.2 யூனிட்
3. பி.எல்.டி.சி. விசிறி, சென்சார் இல்லை: 14.4 யூனிட்
4. பி.எல்.டி.சி. விசிறி, தவறே செய்யாத சென்சார்: 9.7 யூனிட்

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆள் இருக்கிறாரா என்று பார்க்கவே பார்க்காத நல்ல விசிறி, பழைய விசிறியோடு சேர்ந்த மிகச் சிறந்த சென்சாரைவிட அதிகம் மிச்சப்படுத்துகிறது. யாருடைய உறக்கத்தையும் கெடுப்பதில்லை. நல்ல விசிறி மாட்டிய பின் சென்சார் சேர்த்தால் கூடுதலாகக் கிடைப்பது அறைக்கு மாதம் 4.7 யூனிட் மட்டுமே. அதற்காக உறங்குபவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. விசிறி வாங்கும்போது அதன்மேல் ஒட்டியுள்ள நட்சத்திர முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். 2023 சனவரி முதல் கூரை மின்விசிறிகளுக்கு இம்முத்திரை கட்டாயமாக்கப்பட்டது.

அறையின் விளக்குக்கும் சென்சார் பெரிதாக உதவாது. 9 வாட் எல்.இ.டி. விளக்கு 6 மணி நேரம் வீணாக எரிந்தால் மாதம் 1.6 யூனிட். சென்சார் தானே தின்பது 0.7 யூனிட். மிஞ்சுவது ஒரு யூனிட்டுக்கும் குறைவு.

இவை எல்லாவற்றிற்கும் மேலாக, அறைக்கொரு சப்-மீட்டர் பொருத்தி, மாதாமாதம் எத்தனை யூனிட் ஆயிற்று என்பதைக் குடியிருப்பவருக்கும் காட்டுங்கள். தண்ணீர் எவ்வளவு பாய்கிறது என்று கண்ணால் கண்டவர் மடையைத் தானே அடைப்பார்.

எங்கே சென்சார் நல்லது?

நடந்துகொண்டே இருக்கும் இடங்களில் அகச்சிவப்பு அசைவுணர்வி மிக நன்றாக வேலை செய்யும். நடைபாதை, மாடிப்படி, பொதுக் குளியலறை, கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம் ஆகியவை அத்தகையவை. நடைபாதையில் 9 வாட் விளக்கு நான்கு, இரவு 12 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 13 யூனிட் ஆகும். இரண்டு சென்சார் வைத்து, மொத்தத்தில் 2 மணி நேரம் மட்டும் எரியும்படி செய்தால் 3.6 யூனிட் போதும். 9 யூனிட்டுக்கு மேல் மிச்சம். இரவு ஷிப்டு முடிந்து வருபவர் இருட்டில் சுவிட்சைத் தேடித் தடவ வேண்டியதும் இல்லை. பொருத்தும்போது பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

தரையிலிருந்து 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில், ஆள் குறுக்கே நடக்கும் திசையில் பொருத்த வேண்டும். வெயில் விழும் சன்னலை நோக்கியோ, அடுப்புக்கு எதிரிலோ வைக்கக் கூடாது. அணையும் நேரத்தைப் பொது இடங்களில் 5 நிமிடத்திற்குக் குறையாமலும், கழிப்பறையில் 10 நிமிடத்திற்குக் குறையாமலும் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும்போது விளக்கு அணைந்து வயதானவர் தடுக்கி விழ நேரக் கூடாது. மாடிப்படியில் ஒரு விளக்கை மட்டும் சென்சாரில் சேர்க்காமல் இரவு முழுவதும் எரியவிட வேண்டும். பழைய குழல் விளக்கு அடிக்கடி எரிந்து அணைந்தால் விரைவில் பழுதாகும். எனவே எல்.இ.டி. விளக்கே மாட்ட வேண்டும். ஒவ்வொரு சென்சாருக்கும் பக்கத்தில் சாதாரண சுவிட்சு ஒன்று இருக்க வேண்டும். கருவி கெட்டால் கையால் போட முடிய வேண்டும்.

வாங்குமுன் சோதனை

புதிய விதையை ஊர் முழுவதும் விதைப்பதற்கு முன் ஒரு பாத்தியில் போட்டுப் பார்ப்போம். கருவிக்கும் அவ்வாறே செய்யுங்கள். "தூங்கும் ஆளையும் அறியும்" என்று விற்பவர் சொன்னால், ஒன்று மட்டும் வாங்கிக் காலியான அறையில் பொருத்துங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு, விசிறி ஓடும்போது, கட்டில் போடும் ஒவ்வொரு மூலையிலும் ஒருவரை முப்பது நிமிடம் அசையாமல் படுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு தாளில் ஆள் இருந்தது எத்தனை நிமிடம், கருவி இருக்கிறார் என்றது எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அறையை அடைத்துவிட்டு, பக்கத்து அறையில் நடமாடச் சொல்லி, அப்போது கருவி என்ன சொல்கிறது என்றும் குறியுங்கள். இப்படி மூன்று நாள் பார்த்தால் விற்பவரின் பேச்சுக்கும் கருவியின் வேலைக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும். மிச்சமாகும் மின்சாரத்தை அறிய, ஒரே அளவான இரண்டு அறைகளில் ஒன்றில் கருவி வைத்து, மற்றொன்றில் வைக்காமல், ஒரு மாதம் சப்-மீட்டர் அளவைக் குறித்து ஒப்பிடுங்கள். ஒப்பீட்டு அறை இல்லாத சோதனை சோதனையாகாது.

கேமரா வேண்டவே வேண்டாம்

"கேமரா வைத்துவிட்டால் ஆள் இருக்கிறாரா என்று தெளிவாகத் தெரிந்துவிடுமே" என்று சிலர் ஆலோசனை சொல்லக்கூடும். அறைக்குள்ளோ குளியலறைப் பக்கமோ கேமரா வைப்பது பெருங்குற்றம். பெண்ணொருத்தியின் அந்தரங்கத்தை அவர் அறியாமல் பார்ப்பதும் படம் பிடிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனைக்குரியது. சட்டத்தை விடுங்கள். அறை என்பது வாடகை கொடுப்பவருக்கு வீடு. அவர் எப்போது வருகிறார், எப்போது போகிறார், எவ்வளவு நேரம் தூங்குகிறார் என்பதை எழுதிச் சேர்த்துவைக்கும் எந்தக் கருவியும், கேமரா இல்லாவிட்டாலும், வேவு பார்ப்பதே ஆகும். பொது இடத்தில் சென்சார் வைத்தாலும் அது என்ன செய்கிறது என்பதைக் குடியிருப்பவருக்குச் சொல்லிவிட்டே வையுங்கள்.

தங்குமிடத்தைப் பற்றிய மனக்குறை எங்கே போய் முடியும் என்பதை இந்தப் பகுதி கண்டிருக்கிறது. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, மற்றவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். அறை தருபவர் சுவரையும் கூரையையும் மட்டும் தரவில்லை, பாதுகாப்பையும் நிம்மதியையும் சேர்த்தே தருகிறார்.

பண்ணைக் கட்டடங்களில்

வாடகை அறை இல்லாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. சிப்பிக் காளான் குடிலில் காற்றோட்டம் குறைந்தால் கரியமில வாயு மிகுந்து, தண்டு நீண்டு குடை சிறுத்துப்போகும். மேலே சொன்ன மூச்சுக்காற்றுக் கருவியே அங்கு காளானின் மூச்சை அளக்கும். குடில் மூடியதாக இருப்பதால் அங்கே அது நன்கு பொருந்தும். ஒரே கருவி வாடகை அறையில் பயனற்றது, காளான் குடிலில் பயனுள்ளது. இடமறிந்து வாங்க வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

தானியக் கிடங்கில் நச்சுப்புகை மூட்டம் போடுவதானால், "உள்ளே ஆள் இல்லை" என்று எந்தக் கருவி சொன்னாலும் நம்பக் கூடாது. பயிற்சி பெற்றவர் நேரில் சென்று மூட்டைச் சந்துகள்வரை பார்த்து, வெளியே வந்து பூட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டிய பிறகே செய்ய வேண்டும். அதுபோலவே, அறைகளில் தீப்பிடித்தாலும் சென்சார் விளக்கைப் பார்த்து ஆளில்லை என்று விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும். எந்த அறையில் எத்தனை பேர், எந்த ஷிப்டு என்று எழுதிய ஒரு நோட்டு உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஆபத்து வேளையில் எந்தச் சென்சாரைவிடவும் அந்த நோட்டு உதவும்.

உழவர் பெருமக்களே! கருவிகளை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மழைமானியும் இலை வண்ண அட்டையும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் நாங்கள்தான். அசைவில்லை என்பது கருவிக்குத் தெரியும். ஆளில்லை என்பது அதற்குத் தெரியாது. இந்த வேறுபாட்டை நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுங்கள். தவறினால் சில காசு மட்டும் போகும் இடத்தில் கருவியிடம் வேலையை ஒப்படையுங்கள். தவறினால் ஒரு மனிதரின் உறக்கமோ உயிரோ போகும் இடத்தில் சுவிட்சை மனிதர் கையிலேயே விட்டுவையுங்கள். முதலில் நல்ல விசிறி, அடுத்து அறைக்கொரு சப்-மீட்டர், அதன்பின் நடைபாதைக்கும் கழிப்பறைக்கும் சென்சார் என்ற வரிசையில் செய்தால் மின்கட்டணமும் குறையும், குடியிருப்பவரும் நிம்மதியாக உறங்குவார்.